குடும்பத்தைத் தாங்கிய எழுதுகோல்

நூலக வேளையில் ‘லிட்டில் விமன்’ கதையைப் படித்து மகிழ்ந்தோர் நம்மில் பலர். மெக், ஜோ, பெத், ஏமி ஆகிய நான்கு சகோதரிகளையும் நம் வீட்டுப் பிள்ளைகளாகவே எண்ணுகிறோம். அவர்களைப் படைத்த லூயிசா மே ஆல்காட் அம்மையாரின் வாழ்க்கையும் நாம் அறிய வேண்டிய ஒன்றாகும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஜெர்மன்டவுனில் 1832ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அவர் பிறந்தார். நான்கு பெண்மக்களில் இரண்டாமவர். தந்தை பிரான்சன் ஆல்காட் சிறந்த கல்விச் சிந்தனையாளர். 1839இல் கறுப்பினச் சிறுமி ஒருத்தியை அவர் தம் பள்ளியில் சேர்த்தார். மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். சிறுமியை விலக்க அவர் இசையவில்லை, பள்ளியே மூடப்பட்டது. கொள்கை நின்றது, வீட்டில் வறுமையும் நின்றது.

கான்கார்டு என்னும் சிற்றூரில் அறிஞர் எமர்சன் தம் நூலகத்தை இச்சிறுமிக்குத் திறந்துவிட்டார். படிப்பில் திளைத்த லூயிசா, தாய் அபிகெயில் படும் பாட்டையும் கண்டார். குடும்பத்தைத் தாமே காப்பாற்றுவது என்று உறுதிகொண்டார். தையல் வேலை, ஆசிரியப் பணி, பிறர் வீட்டு வேலை என எதையும் இழிவாக எண்ணவில்லை. இரவில் கதை எழுதினார். 1858இல் தங்கை எலிசபெத் 22 வயதில் மறைந்தாள். கதையில் வரும் பெத் அவளே.

ஒரு பதிப்பாளர், அவருக்கு எழுத்து வராது, ஆசிரியப் பணியே ஏற்றது என்று கூறி, பள்ளி தொடங்க 40 டாலர் கடனும் தந்தார். பிற்காலத்தில் எழுதிச் சம்பாதித்த பணத்தில் லூயிசா அக்கடனைத் திருப்பித் தந்தார். இதைவிடப் பண்பான மறுமொழி உண்டோ!

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1862 டிசம்பரில் அவர் வாஷிங்டன் அருகிலுள்ள ஜார்ஜ்டவுன் இராணுவ மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்தார். காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டு செய்த சில வாரங்களிலேயே நச்சுக் காய்ச்சல் கண்டது. பாதரசம் கலந்த மருந்து கொடுத்தனர். உயிர் பிழைத்தார்; ஆனால் பழைய உடல்நலம் திரும்பவேயில்லை.

1868இல் பதிப்பாளர் நைல்ஸ் பெண்களுக்காக ஒரு கதை கேட்டார். அதில் லூயிசாவுக்கு விருப்பமில்லை. எனினும் குடும்பத்திற்காக ஒப்புக்கொண்டு, தம் வீட்டுக் கதையையே சில வாரங்களில் எழுதி முடித்தார். முதல் அத்தியாயங்கள் இருவருக்கும் சுவையற்றனவாகத் தோன்றின. ஆனால் கையெழுத்துப் படியைப் படித்த சிறுமி ஒருத்தி பெரிதும் இரசித்தாள். சிறுமியின் தீர்ப்பே வென்றது! அந்நாளில் நடப்புக் கதையாக எழுதப்பட்ட அந்நூல், போர்க்காலத்துப் பெண்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை இன்று நமக்கு வரலாறாகக் காட்டுகிறது.

ஜோவும் அண்டை வீட்டு லாரியும் கொண்ட நட்பு வாசகியர் உள்ளத்தைக் கவர்ந்தது. இருவருக்கும் மணம் முடிக்குமாறு கடிதங்கள் குவிந்தன. லூயிசா இணங்கவில்லை. 1869இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் லாரி ஏமியை மணக்கிறான். ஜோவின் நட்பு நட்பாகவே நிலைக்கிறது. தூய நட்புக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை இதனால் உணர்கிறோம்.

செல்வம் வந்தபின் கடன்களைத் தீர்த்தார். தங்கை மேயை ஓவியம் பயில ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1879இல் மே குழந்தை பெற்றுச் சில வாரங்களில் இறந்தபோது, அக்குழந்தை லுலுவைத் தாமே வளர்த்தார். வலக்கைப் பெருவிரல் செயலிழந்தபோது இடக்கையால் எழுதப் பழகினார். பெண்களின் வாக்குரிமைக்கும் பாடுபட்டார்.

1888 மார்ச் 4ஆம் நாள் தந்தை மறைந்தார். இரு நாட்களுக்குப் பின், 55ஆம் வயதில் லூயிசாவும் கண்மூடினார்.

அவர் விரும்பிய வாழ்வு வேறாக இருக்கலாம். வாய்த்த கடமையை அன்போடு ஏற்றார்; அக்கடமையே அவர் பெயரை நிலைநாட்டியது. அன்புத் தோழியரே, வீட்டுவேலை நம் படிப்புக்குத் தடை என்று சலிப்படையும்போது இவ்வம்மையாரை நினைப்போம். நம் வீட்டிலும் எழுதப்படாத கதைகள் எத்தனையோ!