தைல மரங்களின் தோழர்

குழந்தைகளே! ஜலதோஷம் பிடித்தால் பாட்டி நீலகிரித் தைலம் தடவி விடுவார் அல்லவா? அதைத் தரும் யூகலிப்டஸ் மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. அம்மரங்களை ஆராய்ந்து உலகுக்குச் சொன்ன ஒருவரைப் பற்றித் தெரிந்து கொள்வோமா?

ஃபெர்டினாண்ட் வான் முல்லர் 1825-ம் ஆண்டு ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையையும், பின்னர் தாயையும் இழந்தார். மருந்துக் கடையில் வேலை பழகிக்கொண்டே செடிகளைச் சேகரித்தார். உடல்நலத்துக்கு வெப்பமான நாடு நல்லது என்பதால், 1847-ல் இரு சகோதரிகளுடன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்.

1853-ல் விக்டோரியா பகுதியின் அரசுத் தாவரவியல் அறிஞரானார். உடனே குதிரையேறி மலைகளுக்குப் புறப்பட்டு விட்டார்!

அங்கே உயரத்துக்கு உயரம் மரங்கள் மாறும். சமவெளி ஆற்றங்கரையில் ஒரு வகை யூகலிப்டஸ். ஈரமான மலைச்சரிவில் 90 மீட்டருக்கும் மேல் ஓங்கி வளரும் இன்னொரு வகை. 'ஆட்சி செய்யும்' என்ற பொருளில் அதற்கு யூகலிப்டஸ் ரெக்னன்ஸ் எனப் பெயர் சூட்டியவர் முல்லர்தான். இன்னும் மேலே, பனி பொழியும் இடங்களில் வளைந்து நெளிந்த குட்டை வகை. அந்தக் கடுங்குளிரை ரெக்னன்ஸ் தாங்காது. குட்டை மரமோ தாங்கி நிற்கும்.

1857-ல் மெல்பர்ன் தாவரவியல் பூங்காவின் இயக்குநரானார். பல நாடுகளுக்கு விதைகளை அனுப்பினார். ஆனால், பூங்கா அழகாக இல்லை என்று பலர் குறை கூறினர். பார்த்துப் பார்த்து வளர்த்த பூங்காவின் பொறுப்பு 1873-ல் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. எவ்வளவு வேதனை, பாருங்கள்!

முல்லர் சோர்ந்து போகவில்லை. அரசுத் தாவரவியல் அறிஞர் பணியைத் தொடர்ந்தார். 1879 முதல் 1884 வரை, 100 யூகலிப்டஸ் இனங்களைப் படங்களுடன் விளக்கி, பத்துப் பகுதிகளாக நூல் வெளியிட்டார். 1896-ல் மறையும் வரை உழைத்தார்.

நம் ஊரிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். குளிர்ந்த நீலகிரியில் செழிக்கும் யூகலிப்டஸ் வகை, வெயில் காயும் சமவெளியில் சரியாக வளராது. அங்கே வேறு வகைகளை நடுகிறார்கள். நன்றாக வளர்கிறதே என்று நீலகிரிப் புல்வெளிகளில் அளவுக்கு மீறி நட்டதால், அங்கிருந்த புல்வெளிகள் சுருங்கின.

எனவே செல்லங்களே, மரம் நடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த இடம் இந்த மரத்துக்கு ஏற்றதா? இந்த மரம் இந்த இடத்துக்கு ஏற்றதா?