6,000 பிரிண்ட் போட்ட கேப்டன்

திருமுல்லைவாயில் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, சிவப்பு பல்பு வெளிச்சத்தில் பிரிண்ட் போட்டுப் பார்த்த நம் நண்பர்களுக்கு லின்னேயஸ் ட்ரைப் கதை பிடிக்கும்.

1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். மதராஸ் ராணுவ அதிகாரி. 1855-ல் தூதுக்குழுவோடு பர்மா போய் 200-க்கும் மேல் படமெடுத்தார். அதில் 120-ஐப் பொறுக்கி, பெங்களூரில் 50 செட் போட்டார். கணக்குப் பாருங்கள், 6,000 பிரிண்ட்! என்லார்ஜர் ஏது? மெழுகேற்றிய காகிதம்தான் நெகடிவ். அதை ரசாயனம் தடவிய காகிதத்தின் மேல் அழுத்தி வெயிலில் வைக்கணும். மேகம் மூடினால் வேலை இழுத்துக்கொண்டே போகும். அப்புறம் ஹைப்போ. அப்புறம் கழுவு, கழுவு என்று கழுவணும். அதில் சோம்பல்பட்டால் படம் மங்கிப் போகும் என்பது நாமும் பட்டுத் தெரிந்துகொண்டதுதானே! வானம் வெறும் வெள்ளையாக விழுகிறதே என்று நெகடிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார் மனுஷர். (கொஞ்சம் ஏமாற்று வேலைதான், ஆனால் அழகு.)

1857 கடைசியில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை 21 பிரிண்ட்டுகளாகப் போட்டு ஒட்டினார். நீளம் 19 அடி!

1859-ல் கவர்னர் ட்ரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். அரசாங்கப் போட்டோகிராபர் வேலை போயிற்று. அதன்பின் ட்ரைப் அநேகமாகக் காமிராவைத் தொடவே இல்லை. 1902-ல் காலமானார். அவருடைய பிரிண்ட்டுகளை 2015-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் கண்காட்சியாக வைத்தார்கள்.