விசிறி மடிப்பு தந்த ருக்மிணி தேவி

பரதநாட்டியப் பெண் அரைமண்டியில் அமர்ந்ததும் கால்களுக்கு நடுவே விசிறி போல ஒரு மடிப்பு விரியுமே, கவனித்திருக்கிறீர்களா? சோழர் காலத்துச் சமாச்சாரம்னு நினைப்போம். அதுதான் இல்லை, நூறு வயதுகூட ஆகலை.

நம்ம பக்கத்து மதுரையில் 1904-ல் பிறந்தவர் ருக்மிணி தேவி. 1920-ல் வெள்ளைக்காரரான அருண்டேலை மணந்து ஊர் வாய்க்கு அவலானார். 1928-ல் ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவின் கிளியோ நார்டியிடம் பாலே பயின்றார். பாலேக்காரிகளின் உடை 'டூட்டூ', அடுக்கடுக்கான வலைத்துணிப் பாவாடை. கால் வேலை தெரியணும் என்றே அது வரவரக் குட்டையானது.

சொந்த மண்ணின் கலையைத் தேடும்படி பாவ்லோவா தூண்ட, ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் கற்று 1935-ல் அடையாறில் மேடையேறினார். அதுவரை பைஜாமாவின் மேல் புடவையைச் சுற்றித்தான் ஆடுவார்கள். இவர் கோயில் சிற்பங்களைப் பார்த்து, ஒரு இத்தாலியப் பெண்மணியின் உதவியோடு புடவைத் துணியையே தைத்த உடையாக்கினார். நம்ம பாஷையில் சொன்னால், பக்காவான டிசைன்!

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த இசை வேளாளர் வீட்டுப் பெண்களில் பலர் மேடையை இழந்ததும் அதே காலத்தில்தான். அவர்களில் நின்று காட்டியவர் பாலசரஸ்வதி. தைத்த உடை ஊரெல்லாம் பரவிய பிறகும் அவர் புடவை கட்டியே ஆடினார்.