கணக்கர் படைத்த பொறியுலகம்

பொறியுலகப் பெரியோர் வரலாற்றைப் படிக்கப் புகுந்தால், பட்டம் பெற்றவர்களும் ஆய்வுக்கூடத்தில் வாழ்ந்தவர்களுமே நம் கண்முன் வரிசையாக வந்து நிற்கிறார்கள். அவ்வரிசையிலே, பொறியியற் கல்லூரியின் வாயிற்படியை மிதிக்காத ஒருவர், இறைச்சி இறக்குமதி செய்யும் வணிக நிலையத்தில் கணக்கெழுதிப் பிழைத்த ஒருவர், உலகத்துச் சிறுவர்க்கெல்லாம் பொறியியல் ஆசானாக விளங்கினார் என்றால் வியப்பன்றோ! அவர்தாம் பிராங்க் ஹார்ன்பி. மெக்கானோ என்னும் இணைப்புப் பெட்டியையும், தம் பெயராலேயே விளங்கும் பொம்மை ரயிலையும், டிங்கி என்ற சின்னஞ்சிறு மோட்டார் வண்டிகளையும் உலகுக்குத் தந்தவர் அவர்.

பொம்மைக் கார்களைப் பிரித்து, மாற்றியமைத்து, வண்ணந் தீட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவள் நான். இந்தக் கலைக்கு வேர் எங்கே என்று தேடிக்கொண்டு போனபோது இப்பெருமகனாரின் வாழ்க்கையில் வந்து நின்றேன். அதை நம் சங்கத்துத் தோழர் தோழியர்க்கும் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்ப்பூலில் 1863-ஆம் ஆண்டு மே திங்கள் 15-ஆம் நாள் ஹார்ன்பி பிறந்தார். தந்தையார் உணவுப் பண்டங்களை விற்கும் வணிகர். மகன் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, தந்தையாரின் கடையில் காசாளராக அமர்ந்தார். 1887-இல் கிளாரா காடஃப்ராய் என்ற பள்ளி ஆசிரியையை மணந்தார். ரோலண்ட், டக்ளஸ் என்று ஆண்மக்கள் இருவர் பிறந்தனர். 1899-இல் தந்தையார் காலமானார்; கடையும் மூடப்பட்டது. முப்பத்தாறு வயதில், குடும்பத்தைக் காக்கும் பொருட்டு, டேவிட் எலியட் என்ற இறைச்சி இறக்குமதியாளரிடம் கணக்கராக வேலைக்குச் சேர்ந்தார். அந்த வயதில் அந்த நாற்காலியில் அமர்ந்தவரைப் பார்த்து, இவர் ஒருநாள் உலகப் புகழ் பெறுவார் என்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

பகலெல்லாம் பேரேடு, மாலையில் வீட்டிலே பிள்ளைகளோடு விளையாட்டு. தகட்டை வெட்டிப் பாலமும், பளுதூக்கும் கிரேனும், வண்டியும் செய்து மக்களை மகிழ்விப்பது அவருக்கு வழக்கம். அந்த வேலையில் ஒரு தொல்லை இருந்தது. கிரேனுக்கென்று வெட்டிய துண்டு கிரேனுக்கு மட்டுமே பயன்படும். பாலம் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால் மீண்டும் தகடு, மீண்டும் கத்தரி, மீண்டும் உழைப்பு. ஒருமுறை கிறிஸ்துமஸை ஒட்டி ரயிலில் சென்றுகொண்டிருந்தபோது, சரக்கு நிலையத்தில் நின்ற சிறிய கிரேன் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதை எப்படிச் செய்வது என்று எண்ணமிட்டபடியே போகையில்தான் தொல்லைக்கு விடை பிறந்தது.

விடை மிக எளியது. எல்லாத் துண்டுகளும் அரை அங்குல அகலம். எல்லாத் துண்டிலும் அரை அங்குலத்துக்கு ஒரு துளை. எல்லாத் துளையும் ஒரே அளவு. அவ்வளவுதான்! இப்படி அமைத்துவிட்டால் எந்தத் துண்டையும் எந்தத் துண்டோடும் போல்ட்டு கொண்டு இணைக்கலாம். துளையிலே ஒரு கம்பியைச் செருகினால் அதுவே சக்கரத்துக்கு இருசாகிவிடும். இன்று கிரேனின் கையாக நீண்ட தகடு, நாளைக்கு மோட்டார் வண்டியின் அடிச்சட்டம்; மறுநாள் பாலத்தின் கைப்பிடி. பொருளைச் செய்து கொடுப்பதை விட்டுவிட்டு, பொருளைச் செய்யும் வல்லமையைக் கொடுத்தார் ஹார்ன்பி. அவருடைய பெருமை முழுவதும் அந்த அரை அங்குலத்துக்குள் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

எண்ணம் பிறந்தால் போதுமா? காப்புரிமை பெறப் பணம் வேண்டுமே! கணக்கரிடம் அது இல்லை. முதலாளி எலியட்டிடமே 5 பவுன் கடன் வாங்கி, 1901 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எலியட் கடன் கொடுத்ததோடு நில்லாமல் கூட்டாளியாகவும் சேர்ந்து, தம் அலுவலகத்தை அடுத்த வெற்றிடத்தையும் ஒதுக்கித் தந்தார். தொழிலாளி ஒருவரின் கனவை முதலாளி மதித்த அந்தச் செயல் நம் நெஞ்சிலே பதித்துக்கொள்ளத்தக்கது.

1902-இல் முதற்பெட்டி கடைக்கு வந்தது. எளிய முறையில் இயந்திரவியல் என்ற பொருள்படும் பெயர் அதற்கு. உள்ளே பதினாறு வகை உறுப்புகள். விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ். கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். துளையிட்ட தகடுகளைப் பார்த்தால் விளையாட்டுப் பொருளாகத் தோன்றவில்லை, விலையோ சிறிதன்று. அவ்வேளையில் லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஹீல்-ஷா இதன் அருமையை உணர்ந்து பாராட்டினார். கல்லூரி காணாத கணக்கரின் கைவண்ணத்துக்குக் கல்லூரியே சான்றளித்தது. அப்படியிருந்தும் 1906 வரை இலாபம் என்பது கிட்டவில்லை. நான்காண்டுக் காலம் இழப்பைத் தாங்கிக்கொண்டு நின்றவரின் நெஞ்சுரம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

1907-இல் மெக்கானோ என்ற பெயரைப் பதிவு செய்தார். 1908-இல் மெக்கானோ நிறுவனம் உருவாயிற்று. எலியட் அப்போது விலகிக்கொள்ள, பொறுப்பு முழுவதும் ஹார்ன்பியின் தோளில் விழுந்தது. 1914-இல் லிவர்ப்பூல் பின்ஸ் சாலையிலே பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1916-இல் மெக்கானோ இதழ் தொடங்கியது. 1920-இல் சாவி கொடுத்தால் ஓடும் ஹார்ன்பி ரயில் வந்தது. வெள்ளை நிறத்திலேயே பளபளத்துக்கொண்டிருந்த மெக்கானோ உறுப்புகள் 1926-இல் சிவப்பும் பச்சையுமாக வண்ணம் பூண்டன.

மெக்கானோ வளர்ந்த காலமும் மோட்டார் வண்டி வளர்ந்த காலமும் ஒன்றே. சாலையிலே கண்ட மோட்டாரைத் தன் வீட்டுத் தரையிலே கட்டிப் பார்க்கச் சிறுவர்க்கு ஆசை இருக்குமல்லவா? மெக்கானோ கொண்டு மோட்டாரின் அடிச்சட்டத்தைப் பல்வேறு பற்சக்கரங்களுடன் கட்டும் வரைபடங்கள் வெளிவந்தன. டிபரன்ஷியல் என்ற உறுப்பையே எடுத்துக்கொள்வோம். வண்டி வளைவிலே திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உட்பக்கத்துச் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இருசில் இறுக்கிவிட்டால் ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டு இழுபடும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் பற்சக்கரக் கூட்டமே டிபரன்ஷியல். இதைப் பாடநூலின் படத்தில் நோக்கி நான் தலையைப் பிய்த்துக்கொண்டதுண்டு. கையால் பூட்டி, ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுழற்றிப் பார்த்தபோது ஐந்தே நிமிடத்தில் விளங்கிவிட்டது. 1930-களின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி கட்டுவதற்கென்றே தனிப் பெட்டிகளையும் ஹார்ன்பியின் நிறுவனம் வெளியிட்டது. மேற்கூட்டை மாற்றி மாற்றிப் பூட்டினால், ஒரே அடிச்சட்டத்தில் பந்தய வண்டியும் கட்டலாம், குடும்ப வண்டியும் கட்டலாம்.

விளையாட்டுத்தானே என்று எளிதாக எண்ணிவிட வேண்டாம். 1934-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற பேராசிரியரும் ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவரும் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் கணிப்பொறி ஒன்றைப் பெரும்பாலும் மெக்கானோ உறுப்புகளைக் கொண்டே கட்டினார்கள். அமெரிக்காவில் பெருஞ்செலவில் அமைந்த பொறியின் சிறு வடிவம் அது. செலவு ஏறத்தாழ 20 பவுன். பார்வைக்கு வைக்கும் பொம்மையாக அது நின்றுவிடவில்லை. அணுவின் அமைப்பு பற்றிய மெய்யான கணக்குகளைப் போட்டுக் கொடுத்தது. பிள்ளைகளுக்காகப் பிறந்த அரை அங்குலத் துளை, பேராசிரியர்களின் மேசைக்கும் ஏறிவிட்டது.

இனி டிங்கியின் கதைக்கு வருவோம். ஹார்ன்பி ரயில் நிலையங்களுக்கு அழகு சேர்க்க 1933-இல் சிறு சிறு வார்ப்பு வண்டிகள் வெளியாயின. 1934-இல் அவற்றுக்கு டிங்கி என்று பெயர் சூட்டினார்கள். அந்த ரயில்களின் அளவு, அடிக்கு 7 மில்லிமீட்டர். அதாவது உண்மைப் பொருளில் ஏறத்தாழ 43-இல் ஒரு பங்கு. தொடக்கக் காலத்து டிங்கிகள் இந்த அளவைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளவில்லை. ஆயினும் இன்று உலகெங்கும் மாதிரிக் கார்களுக்கு வழங்கிவரும் 43-இல் ஒன்று என்ற அளவின் பிறப்பிடம் இந்த ரயில்தான். நம் நாட்டுச் சாலைகளில் பல்லாண்டு ஆட்சி புரிந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். அதை இந்த அளவில் சுருக்கினால் சரியாக ஒரு சாண் கூட வராது, 10 சென்டிமீட்டர்தான்!

டிங்கி எங்கும் பரவியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மெக்கானோவில் திருகாணி உண்டு. டிங்கியின் அடித்தகடு ரிவெட்டால் அடைக்கப்பட்டது. மெக்கானோவைப் பிள்ளை கட்டவேண்டும். டிங்கியைக் காசு கொடுத்து வாங்கினால் போதும். கட்டுவதை உலகுக்குக் கற்பித்தவரின் தொழிற்சாலையிலிருந்தே, கட்ட வேண்டாத பொம்மையும் வெளிவந்தது. வாங்குவது எளிது; கட்டுவது அரிது. எளியதன் பக்கமே உலகம் சாய்ந்தது.

ஹார்ன்பியிடம் குறையே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. மெக்கானோ விளம்பரங்கள் பையன்களை நோக்கியே பேசின. பொறியியல் பையன்களுக்குரியது என்ற எண்ணத்தை அப்பெட்டிகள் தலைமுறை தலைமுறையாகப் பரப்பின. எந்திரவியல் வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களில் ஒருத்தியாக அமர்ந்திருக்கும் எனக்கு அது வருத்தந் தருகிறது. அரை அங்குலத் துளைக்கு ஆண் கை, பெண் கை என்ற வேறுபாடு தெரியாது. அது தெரிந்ததெல்லாம் பெட்டியின் மேல் படம் அச்சிட்டவர்களுக்குத்தான்.

1931-இல் எவர்ட்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹார்ன்பி 1935 வரை அப்பதவியில் இருந்தார். நெஞ்சு நோயும் நீரிழிவும் வருத்த, 1936 செப்டம்பர் 21-ஆம் நாள் மறைந்தார். அவர் கண்ட நிறுவனம் 1964-இல் வேறு கைக்கு மாறியது; பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979-இல் கதவடைத்தது.

ஆனால் விதை அழியவில்லை. டிங்கியின் பழைய அச்சுகள் சில 1960-களின் பிற்பகுதியில் நம் நாட்டுக்கு வந்தன. கல்கத்தாவில் நிக்கி என்ற பெயரோடு அவற்றிலிருந்து வண்டிகள் வார்க்கப்பட்டன. துளையிட்ட தகடும் போல்ட்டும் நிறைந்த மெக்கானிக்ஸ் பெட்டியோ நம்மில் பலர் வீட்டிலும் இருந்ததுதான்.

இன்று மாதிரிக் கார்களை மாற்றியமைக்கும் எங்களைப் போன்றவர்கள் செய்வதென்ன? கடையில் வாங்கிய வார்ப்புக் காரைக் கவிழ்த்து, அடித்தகட்டின் ரிவெட்டுத் தலையைத் துளைக்கருவியால் மெல்லக் குடைந்தெடுக்கிறோம். உடல், கண்ணாடி, இருக்கை, அடித்தகடு என்று நான்காகப் பிரிகிறது. பழைய வண்ணத்தைக் கரைத்து நீக்கி, அடிப்பூச்சு கொடுத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை வண்ணம் ஏற்றுகிறோம். இருசை மாற்றி வேறு சக்கரம் பூட்டுகிறோம். கடைசியில் ரிவெட்டு இருந்த இடத்திலே மரை வெட்டி, 2 மில்லிமீட்டர்த் திருகாணியால் மூடுகிறோம். அந்தத் திருகாணிதான் எனக்குப் பெரிது. மூடியிருந்த வண்டி மீண்டும் திறக்கத்தக்கதாகிவிட்டது. டிங்கி திரும்பவும் மெக்கானோவாகிவிட்டது! ஒன்றே ஒன்று சொல்லிவைக்கிறேன். போருக்கு முந்திய பழைய டிங்கி யாரிடமாவது இருந்தால் அதில் கை வைக்க வேண்டாம். அக்காலத்துத் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்து மாசுபட்டதால் அவற்றிற் பல தாமாகவே விரிசல் கண்டு உதிர்கின்றன. அவற்றைக் காத்துவைப்பதே நம் கடமை.

தோழர்களே, தோழியரே! நம்மைச் சுற்றியுள்ள பொருள்களெல்லாம் இன்று மூடிய பெட்டிகளாகவே வருகின்றன. பழுதானால் எறிகிறோம், வேறொன்று வாங்குகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கமே குறைந்து வருகிறது. பொறியியல் பயிலும் நாமே திருப்புளியைத் தொடாமல் பட்டம் பெற்றுப் போய்விடக்கூடும். இலக்கியமும் வணிகவியலும் பயிலும் நண்பர்கள் இது தமக்கன்று என்று ஒதுங்கிவிடவும் கூடும். கணக்கெழுதிய கை அல்லவா மெக்கானோவைப் படைத்தது!

நம் சங்க அறையின் மூலையில் பயனின்றிக் கிடக்கும் நீண்ட மேசையை வாரத்துக்கு ஒரு மாலை இதற்கென்று ஒதுக்கித் தருமாறு செயலாளரை இவ்விதழ் வாயிலாகவே வேண்டிக்கொள்கிறேன். என்னிடம் சிறு துளைக்கருவி ஒன்றும், திருப்புளிகள் ஐந்தும், பிரித்துப் போட்ட கார்கள் பன்னிரண்டும் இருக்கின்றன. எத்துறை மாணவரும் வரலாம். கொண்டுவர வேண்டியது, பிரித்துப் பார்க்கும் ஆசை ஒன்றே.