இன்சுலின் கண்ட பான்ரிங்

தைரொயிட் சுரப்புக் குன்றிய பெண்ணொருவருக்குச் செம்மறியின் சுரப்பிச் சாற்றை ஊசிவழி ஏற்றி, இங்கிலாந்து வைத்தியர் மரே வெற்றி கண்ட 1891ஆம் ஆண்டிலேயே, ஒன்ராறியோவின் அலிஸ்ரன் அருகே கமக்காரர் குடும்பத்தில் பிரெடெரிக் பான்ரிங் பிறந்தார். நீரிழிவுற்ற குழந்தைகளை அந்நாளில் பட்டினியே சிலகாலம் காத்தது.

1921 கோடையில், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் மக்ளியொட் அளித்த ஆய்வுகூடத்தில், மாணவர் பெஸ்ற்றுடன் நாய்களின் கணையத்திலிருந்து சாறு பிரித்தார். 1922 ஜனவரி 11ஆம் திகதி, ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் 14 வயதுச் சிறுவனுக்கு ஏற்றிய முதல் ஊசி பயன் தரவில்லை. கொலிப் தூய்மைப்படுத்திய சாற்றை 23ஆம் திகதி ஏற்றவே, சர்க்கரை இறங்கியது. அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

காப்புரிமையில் தம் பெயரைச் சேர்க்கப் பான்ரிங் இசையவில்லை. 1923இன் நோபல் பரிசை மக்ளியொட்டுடன் பகிர நேர்ந்ததற்குச் சினந்தார், அச்சினம் அழகன்று. ஆயினும், விடுபட்ட பெஸ்ற்றுக்குத் தம் பங்கிற் பாதியைக் கொடுத்தார். 1941 பெப்ரவரியில் நியூபவுண்ட்லாந்தில் விமானம் வீழ்ந்து மாண்டார்.