மத்தியூ ஓர்ஃபிலா

மத்தியூ ஓர்ஃபிலா (ஏப்ரல் 24, 1787 – மார்ச் 12, 1853) ஸ்பெயினில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த மருத்துவரும் வேதியியலாளரும் ஆவார். உடலுறுப்புகளிலும் சிறுநீர் போன்ற உடல் நீர்மங்களிலும் நஞ்சைக் கண்டறியும் முறைகளை ஒழுங்குபடுத்திய இவர், நச்சியலின் தந்தை எனப்படுகிறார்.

வாழ்க்கை

மினோர்க்கா தீவின் மாவோன் நகரில் பிறந்தார். வாலென்சியாவிலும் பார்சிலோனாவிலும் பயின்றபின், 1807 இல் பாரிஸ் சென்று, 1811 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தூய நீரில் நஞ்சைக் காட்டும் சோதனைகள், உணவுடனோ இரைப்பை நீருடனோ கலந்த நஞ்சைக் காட்டத் தவறுவதை அறிந்து, விலங்குகளில் பல ஆய்வுகள் செய்தார். நஞ்சுகள் பற்றிய இவரது நூல் 1814 முதல் வெளிவந்தது. 1819 இல் பாரிஸ் மருத்துவக் கல்விப் பீடத்தில் பேராசிரியரானார். 1831 முதல் 1848 வரை அதன் தலைவராக இருந்தார்.

ஆர்சனிக் ஆய்வுகள்

வெள்ளைப் பாடாணம் எனப்படும் ஆர்சனிக் சேர்மத்துக்கு நிறமோ மணமோ இல்லை. 1836 இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ், துத்தநாகமும் அமிலமும் கொண்டு மிகச் சிறிதளவு ஆர்சனிக்கையும் காட்டும் சோதனையை வெளியிட்டார். இதைப் பயன்படுத்திய ஓர்ஃபிலா, உண்ட ஆர்சனிக் இரைப்பையில் மட்டும் தங்காமல் கல்லீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளுக்கும் பரவுவதை 1839 இல் நிறுவினார்.

லஃபார்ஜ் வழக்கு

1840 இல் கணவனுக்கு நஞ்சிட்டதாக மரி லஃபார்ஜ் என்ற பெண் மீது பிரான்சின் தூல் நகரில் வழக்கு நடந்தது. உள்ளூர் வேதியியலாளர்களின் முடிவுகள் முரண்பட்டதால் ஓர்ஃபிலா வரவழைக்கப்பட்டார். உடலில் ஆர்சனிக் உள்ளதாகவும், அது வேதிப்பொருட்களிலிருந்தோ கல்லறை மண்ணிலிருந்தோ வரவில்லை என்றும் அவர் சாட்சியளித்தார். மரிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சோதனைக்குப் பயன்படும் துத்தநாகத்திலேயே ஆர்சனிக் இருக்கக்கூடும் என்று வேதியியலாளர் ரஸ்பாய் மறுத்தார். மரி குற்றவாளிதானா என்னும் விவாதம் பின்னரும் தொடர்ந்தது.

நஞ்சுண்ணாதவர் எலும்பிலும் இயற்கையாக ஆர்சனிக் உண்டு என ஓர்ஃபிலா முன்பு அறிவித்திருந்தார். மறு ஆய்வுகள் இதை உறுதிசெய்யாததால் அக்கருத்தைக் கைவிட்டார்.

தாக்கம்

ஓர்ஃபிலா வாழ்ந்த காலத்திலேயே, 1849 இல், சென்னையில் அரசு வேதியியல் ஆய்வாளர் பதவி ஏற்படுத்தப்பட்டது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை அதன் வழிவந்ததாகும். இரத்தத்திலும் சிறுநீரிலும் நஞ்சின் அளவை இன்று நிறப்பகுப்பியல், நிறை நிறமாலையியல் முறைகளால் கணிக்கின்றனர். ஆயினும், நஞ்சற்ற ஒப்பீட்டு மாதிரியையும் உடன் சோதித்து, கண்ட நஞ்சு உடலிலிருந்தே வந்தது என உறுதிசெய்வது இன்றும் கட்டாயமாகும்.