சிரிக்கத் தெரிந்த லட்சுமிபாய் திலக்

திலகர் என்றதும் நமக்கு லோகமான்யர்தான் நினைவுக்கு வருவார். மராட்டியர் போற்றும் இன்னொரு திலக் குடும்பமும் உண்டு. கவிஞர் நாராயண் வாமன் திலக், அவர் மனைவி லட்சுமிபாய் ஆகியோரின் குடும்பம் அது.

லட்சுமிபாய் 1868-இல் நாசிக் அருகே ஜலால்பூரில் பிறந்தார். 1857 கிளர்ச்சியில் தாய்வழிப் பாட்டனார் தூக்கிலிடப்பட்டார். அந்த அதிர்ச்சிக்குப் பின் தந்தையை மடி, ஆசாரம் பித்துப் போலப் பற்றிக்கொண்டது. கடையில் வாங்கிய தானியம்கூடக் கழுவிய பிறகுதான் வீட்டுக்குள் வரும். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குப் பதினோரு வயதில் திருமணம் நடந்தது. எழுத்துக் கற்பித்தவர் கணவரே. அவரோ முன்கோபி. கையில் காசு வந்தால் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார்.

1895 பிப்ரவரியில் திலக் பம்பாயில் கிறிஸ்தவரானார். சித்பாவன பிராமணர் ஒருவர் மதம் மாறியது பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. உற்றார் உறவினர் கொதித்தனர். அம்மையார் இடிந்து போனார். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கணவரைப் பிரிந்து, சிறு மகனோடு உறவினர் ஆதரவில் வாழ்ந்தார்.

பிறகு கணவரோடு சேர்ந்து வாழ அகமத்நகருக்கு (இன்றைய அகில்யாநகர்) வந்தார். ஆனாலும் மடியை விடவில்லை. சமையல் தனி, தண்ணீர் தனி. திலக் அவரை வற்புறுத்தவில்லை. சாதியைக் கடவுள் படைத்தாரா, மனிதன் படைத்தானா என்று அம்மையார் தாமே சிந்தித்தார். மனிதன் கட்டியதே என்று தெளிந்தபின், எவர் கையாலும் உண்ணத் துணிந்தார். 1900-இல் அவரும் ஞானஸ்நானம் பெற்றார்.

திலக் 1919-இல் மறைந்தார். அவர் பாதியில் விட்ட 'கிறிஸ்தாயன்' காவியத்தை அம்மையாரே தொடர்ந்து எழுதினார். 1934 முதல் வெளிவந்த 'ஸ்மிருதி சித்ரே' என்ற தன்வரலாறு அவருக்கு அழியாப் புகழ் தந்தது.

அந்நூலில் வசை இல்லை. தந்தையின் மடிப் பித்து, கணவரின் கோபம், தம்முடைய அறியாமை, புதிய சமூகத்தில் தாம் பட்ட தடுமாற்றம் எல்லாம் அதில் நகைச்சுவையாக மாறுகின்றன. தம்மை விலக்கிய உறவினரையும் பாசத்தோடே நினைக்கிறார். மதம் மாறியவர் பழைய சமயத்தைப் பழிப்பதும், விட்டு வந்தவர்கள் அவரைத் தூற்றுவதும் சகஜமாக இருந்த காலம் அது. அம்மையார் இரண்டையும் செய்யவில்லை. பிறரைச் சிரிக்குமுன் தம்மைச் சிரித்துக்கொண்டார். அதனால்தான் எல்லாச் சமயத்தாரும் மனம் நோகாமல் அந்நூலை வரவேற்றனர்.

1936-இல் அம்மையார் காலமானார். மராத்தியின் தலைசிறந்த தன்வரலாறுகளுள் ஒன்றாக அந்நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. மராத்தி படிக்கத் தெரிந்த தமிழர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல் அது. சின்னச் சொல்லுக்கும் சினம் கொள்ளும் நமக்கு, காயத்தையும் சிரிப்பாக்கிய அந்தப் பெண்மணி நல்லதொரு வழிகாட்டி.